மூட்டுவலியோடு மொரோக்கோ: அம்மாவை ஃபெஸ் நகரத்துக்கு அழைத்துப் போகலாமா?

திருச்சியிலிருந்து 43 வயது வாசகி ஒருவர் ஐந்து பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். பெயரையும் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களையும் நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருடைய அம்மாவுக்கு 68 வயது. ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை. 14 வருடமாகச் சர்க்கரை, ஏழெட்டு வருடமாக ரத்த அழுத்தம். காலையில் மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு மாத்திரைகள். இரவு 9 மணிக்கு நீண்டநேர இன்சுலின். இரண்டு முழங்காலிலும் தேய்மானம், வலதில் அதிகம். அறுவை சிகிச்சையை 'அடுத்த வருடம் பார்க்கலாம்' என்று மூன்று வருடமாகத் தள்ளிக்கொண்டிருக்கிறார்.

அக்டோபரில் கணவர், 14 வயது மகன், அம்மா என நால்வராக, துபாய் வழியாக மொரோக்கோ போகிறார்கள். பத்து நாள் பயணத்தில் மூன்று இரவு ஃபெஸ் நகரத்தில். பதினான்காம் நூற்றாண்டு ஊர்சுற்றி இபின் பதூதாவை வகுப்பில் முப்பது வருடம் நடத்திய அம்மாவுக்கு அங்கே அவருடைய கல்லறையைப் பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. 'அம்மாவால் முடியாது, விட்டுவிட்டுப் போ' என்கிறார் தம்பி. வாசகி கேட்பவை: ஆப்பிரிக்கா என்பதால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட வேண்டுமா? கிளம்புவதற்கு முதல் நாள் முழங்காலில் ஊசி போட்டுக்கொண்டால் மூன்று நாள் ஓடுமா? பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த 'ஸ்ட்ராங்கான' டிராமடால் மாத்திரையைக் கொண்டுபோகலாமா? சைவச் சாப்பாடு கிடைக்குமா? அங்கே தேநீரை மறுத்தால் மரியாதைக் குறைவாமே, சர்க்கரைக்காரர் என்ன செய்வது?

பயணத் திட்டத்தையும் இணைத்திருந்தார். 'முதல் நாள்: பழைய நகரம் முழுவதும். காலை 9 முதல் மாலை 6 வரை.' தங்கும் அறை இரண்டாவது மாடியில்.

அன்புள்ள சகோதரி,

அம்மாவை அழைத்துப் போங்கள். ஆனால் நீங்கள் அனுப்பியிருக்கும் திட்டப்படி போகாதீர்கள். உங்கள் தம்பி அந்தத் திட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் வேண்டாம் என்றிருக்கிறார் என்று நினைக்கிறேன். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். இபின் பதூதாவின் கல்லறை என்று காட்டப்படுவது, அவர் பிறந்த டாஞ்சியர் நகரத்தில், ஃபெஸ்ஸில் இல்லை. அம்மா ஏமாந்துபோக வேண்டாம், ஃபெஸ்ஸில் அதைவிடப் பொருத்தமான ஒன்று இருக்கிறது. ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பிய அவரை உட்காரவைத்து, கண்டதையெல்லாம் சொல்லச் சொல்லி, இபின் ஜுஸய் என்ற எழுத்தரைக்கொண்டு எழுதவைத்தவர் சுல்தான் அபூ இனான். அந்த வேலை முடிந்தது 1355இல், ஃபெஸ் நகரத்தில். அதே அபூ இனான் அதே 1350களில் கட்டிய பூ இனானியா மதரஸா இன்றும் நிற்கிறது. முஸ்லிம் அல்லாதவர்களும் முற்றம்வரை உள்ளே போகலாம். பழைய நகரத்தின் மேற்கு வாசலான பாப் பூ ஜெலூதிலிருந்து ஐந்து நிமிட நடைதான். அதாவது, உங்கள் அம்மா பார்க்க விரும்பும் விஷயம் நகரத்தின் வாசல்படியிலேயே இருக்கிறது.

இந்த ஊரில் எங்கே என்ன இருக்கிறது என்பதைவிட, எது மேட்டில், எது பள்ளத்தில் என்பதுதான் உங்களுக்கு முக்கியம். அதை எந்தப் பயணக் காணொளியும் சொல்வதில்லை.

இறக்கம் சுலபம் என்று நினைக்காதீர்கள்

ஃபெஸ்ஸின் பழைய நகரம் ஒரு கிண்ணம். 1981இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய இந்த மெதினாவுக்குள் (பழைய நகரத்துக்கு அங்கே அதுதான் பெயர்) கார் கிடையாது. சரக்கெல்லாம் கழுதையிலும் கோவேறு கழுதையிலும் தள்ளுவண்டியிலும்தான். பாப் பூ ஜெலூத் கிண்ணத்தின் விளிம்பு. கரவிய்யீன் பள்ளிவாசலும் அதைச் சுற்றியுள்ள சந்தைகளும் அடிப்பகுதி. இரண்டுக்கும் நடுவில் தலா கபீரா, தலா ஸ்கீரா என்று இரண்டு நீளத் தெருக்கள். ஒவ்வொன்றும் ஒரு கிலோமீட்டருக்கு மேல், பெரும்பகுதி சரிவு, ஆங்காங்கே படி. 'தலா' என்றாலே அரபியில் ஏற்றம் என்று பொருள். பெயரிலேயே சொல்லிவைத்திருக்கிறார்கள்.

எல்லோரும் மேலே தொடங்கிக் கீழே இறங்குவார்கள். நானும் மூன்று வருடத்துக்கு முன் மனைவியுடன் அப்படித்தான் போனேன். அவருக்கு மூட்டுவலி கிடையாது. ஆனாலும் திரும்பி ஏறும்போது மூன்று இடத்தில் நின்றோம். அப்போது எனக்கு நினைவுக்கு வந்தது என் நோயாளிகள் அடிக்கடி சொல்லும் புகார்: 'மாடி ஏறிவிடுகிறேன் டாக்டர், இறங்கும்போதுதான் உயிர் போகிறது.' இதயத்துக்குச் சிரமம் ஏற்றம். தேய்ந்த முழங்காலுக்குச் சிரமம் இறக்கம். உடம்பின் பாரம் முழுக்க மடங்கிய முட்டியில் இறங்கும். ஆகவே 'இறங்கும்போது நடக்கட்டும், ஏறும்போது டாக்ஸி' என்ற உங்கள் கணவரின் யோசனை, அம்மா விஷயத்தில் தலைகீழ்.

நான் சொல்வது இதுதான்: நடுவிலுள்ள சரிவை அம்மா நடக்கவே வேண்டாம். கிண்ணத்துக்கு மேலேயும் ஒரு வாசல், கீழேயும் ஒரு வாசல். ஒரு நாள் மேல் வாசல், மறுநாள் கீழ் வாசல்.

முதல் நாள் காலை, பாப் பூ ஜெலூத். 1913இல் கட்டிய அலங்கார வாயில்; வெளிப்பக்கம் நீலம், உள்பக்கம் பச்சை. அங்கிருந்து பூ இனானியா. நுழையும்போது சில படிகள், உள்ளே பளிங்கு முற்றம். அம்மா ஒரு மணி நேரம் உட்காரட்டும்; அவருக்குத்தான் அங்கே யோசிக்க விஷயம் இருக்கிறது. வெளியே எதிர்ச் சுவரில் அதே சுல்தான் காலத்து நீர்க்கடிகாரத்தின் மிச்சம் தெரியும். அவ்வளவுதான், அறைக்குத் திரும்புங்கள். மாலையில் கணவரும் மகனும் வேண்டுமானால் தலா கபீரா வழியாக இறங்கிவிட்டு வரட்டும்.

இரண்டாம் நாள், டாக்ஸியில் கிண்ணத்தின் அடிப்பகுதிக்கே போங்கள். ரசீஃப் சதுக்கம்வரை வாகனம் வரும். அங்கிருந்து சஃபாரீன் சதுக்கம் சில நிமிட நடை. பித்தளை, செம்புப் பாத்திரம் அடிப்பவர்களின் இடம். பக்கத்தில்தான் கரவிய்யீன், 9ஆம் நூற்றாண்டில் ஃபாத்திமா அல் ஃபிஹ்ரி என்ற பெண்மணி நிறுவியதாக மரபு. முஸ்லிம் அல்லாதவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. திறந்திருக்கும் கதவு வழியாகப் பார்க்கலாம். ஒட்டினாற்போல் 1320களில் கட்டிய அத்தாரீன் மதரஸா, அங்கே நுழையலாம். அத்தாரீன் என்றால் அத்தர் வியாபாரிகள். மாடிப்படி ஏற வேண்டாம், கீழ்த்தளமே போதும்.

மூன்றாம் நாளை வாகனத்துக்கு ஒதுக்குங்கள். மலைமேல் மரீனிதுகளின், அதாவது அபூ இனானின் அரச வம்சத்தாரின், கல்லறைகள் இருக்கும் இடத்திலிருந்து கிண்ணம் முழுவதும் ஒரே பார்வையில் தெரியும். அரண்மனையின் பித்தளைக் கதவுகள், ஜனான் ஸ்பீல் தோட்டத்துப் பெஞ்சுகள் எல்லாவற்றுக்கும் பக்கம்வரை வண்டி போகும்.

இந்த நாட்களில் ஒன்று வெள்ளிக்கிழமையாக இருந்தால், அதை ரசீஃபுக்கு வையுங்கள். வெள்ளிக்கிழமை பாதிக் கடை மூடியிருக்கும், போகாதீர்கள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். உங்களுக்கு அது வரம். கூட்டமில்லாத சந்தில் பாரம் ஏற்றிய கழுதையும் குறைவாகத்தான் வரும். 'பாலக்! பாலக்!' என்று பின்னாலிருந்து குரல் கேட்டால் 'வழிவிடு' என்று பொருள். அம்மா திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. உடனே சுவரோடு ஒண்டிக்கொள்ள வேண்டும். அந்த ஊரில் விழுந்து எலும்பு முறிவதற்கு நல்ல வாய்ப்பு அந்த இரண்டு வினாடிதான்.

ஒரு சிக்கல்: ஃபெஸ்ஸின் சிவப்புச் சிறு டாக்ஸியில் மூன்று பேருக்குமேல் ஏற்ற மாட்டார்கள். நீங்கள் நால்வர். இரண்டு டாக்ஸியாகப் பிடியுங்கள். அம்மாவோடு நீங்கள் ஏறுங்கள், இறங்கும் இடத்தை முன்பே பேசிக்கொள்ளுங்கள். மீட்டர் போடச் சொல்லுங்கள்.

தங்குமிடத்தை இன்றே மாற்றுங்கள்

நீங்கள் பதிவு செய்திருப்பது 'ரியாத்' என்னும் பழைய வீடு. சவுதி தலைநகரத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். செட்டிநாட்டு வீடு போல நடுவில் முற்றம், சுற்றி அறைகள். படத்தில் மிக அழகாக இருக்கும். படத்தில் வராதது மாடிப்படி: குறுகல், ஒவ்வொரு படியும் உயரம், வழவழப்பான ஓடு, பல வீடுகளில் கைப்பிடி இல்லை. இரண்டாவது மாடி என்றால் அம்மா காலையில் இறங்கும்போதே அன்றைய முழங்கால் கணக்கில் பாதி செலவாகிவிடும்.

அவர்களுக்கு எழுதி மூன்று கேள்வி கேளுங்கள். தரைத்தள அறை இருக்கிறதா? குளியலறை அறைக்குள்ளேயே, படி ஏறாமல் இருக்கிறதா? வண்டி நிற்கும் இடத்திலிருந்து வாசல்வரை எத்தனை நிமிடம், எத்தனை படி? மூன்றாவதற்கு 'மிகவும் பக்கம்' என்று மட்டும் பதில் வந்தால் நம்பாதீர்கள். எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள். மூன்றும் சரியாக அமையாவிட்டால், பிரெஞ்சுக்காரர் காலத்தில் உருவான புது நகரத்தில் லிஃப்ட் உள்ள ஓட்டல் எடுங்கள். அழகு குறைவு, அம்மா ராத்திரி பாத்ரூம் போக நான்கு படி ஏற வேண்டாம். அந்த அழகைப் பகலில் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். மெதினாவுக்குள் ஆம்புலன்ஸ் வராது. ஏதாவது ஆனால் அருகிலுள்ள வாசல்வரை ஆளைத் தூக்கி வர வேண்டும். அதனால் எங்கே போனாலும், வண்டி வரக்கூடிய அருகிலுள்ள இடத்தின் பெயர் உங்களுக்கும் உங்கள் மகனுக்கும் தெரிந்திருக்கட்டும்.

அந்த ஊசியும் அந்த மாத்திரையும்

இங்கேதான் உங்களைக் கொஞ்சம் கடிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. முதல் நாள் ஊசி போட்டு, மூன்று நாள் ஓட்டிவிடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி, சர்க்கரை உள்ளவர்களுக்குச் சில நாள் ரத்தச் சர்க்கரையைத் தாறுமாறாக ஏற்றும். அந்தச் சில நாளும் நீங்கள் விமானத்திலும் வெளியூரிலும் இருக்கப்போகிறீர்கள். எலும்பு மருத்துவர் அது தேவை என்று முடிவு செய்தால், கிளம்புவதற்கு மூன்று, நான்கு வாரம் முன்பே போட்டு முடித்துவிடுங்கள். சர்க்கரை தணிந்துவிட்டதா, மூட்டு கேட்கிறதா என்று இரண்டும் தெரிந்துவிடும்.

டிராமடால் விஷயம் வேறு. அது பக்கத்து வீட்டுக்காரர் சீட்டில் வந்த மருந்து. உங்கள் அம்மாவின் பெயரில் சீட்டே கிடையாது. ஐக்கிய அரபு அமீரகத்தில் டிராமடால், கோடீன், நரம்பு எரிச்சலுக்கு நம் ஊரில் சாதாரணமாக எழுதித்தரும் பிரிகாபலின் எல்லாம் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோனால், துபாயில் விமானம் மாறுகிறவர்களுக்கும் சிக்கல் வரலாம். அம்மாவின் மருந்துப் பையைக் கொட்டி ஒவ்வொரு அட்டையிலும் உள்ள மூலப்பெயரைப் படியுங்கள். 'வலி மாத்திரை' என்று வாங்கியதில் பாராசிட்டமாலோடு டிராமடாலும் சேர்ந்திருப்பது உண்டு. அப்படியே பொடிப் பையையும் பாருங்கள். கசகசா அங்கே தடை. அம்மா குருமாவுக்கு அரைத்த பொடியை ஆசையாக எடுத்துவைத்திருந்தால், அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

'சரி, வேறு என்ன வலி மாத்திரை?' என்பீர்கள். பாராசிட்டமால் முதலில். அதற்குமேல் போகும் வீக்க மாத்திரைகள் (இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை), பிரஷர் மாத்திரை எடுக்கும் சர்க்கரைக்காரர் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் நடக்கும்போது சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியாட்டினின் பார்க்காமல் அவற்றைத் தொடக் கூடாது. மேலும், வலியை முழுசாக அமுக்கிவிட்டு நடக்கவைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. 'போதும், உட்கார்' என்று அம்மாவுக்குச் சொல்லும் ஒரே ஆள் அந்த வலிதான். வெட்கப்பட்டு அவராகச் சொல்ல மாட்டார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

கிளம்புவதற்கு முன் இருக்கும் எட்டு வாரத்தில் உண்மையில் பலன் தருவது தொடைத் தசைப் பயிற்சி. நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு காலை நேராக நீட்டி, பத்து எண்ணும்வரை வைத்திருந்து இறக்க வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை, காலையும் மாலையும். டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம். ஆறு வாரம் கழித்து ஒரு பரீட்சை: மலைக்கோட்டையில் ஏறச் சொல்லவில்லை, அதன் அடியில் பெரிய கடை வீதியில் சாயங்காலக் கூட்டத்தில் இருபது நிமிடம் நடந்து, பத்து நிமிடம் உட்கார்ந்து, இன்னும் இருபது நிமிடம் நடக்கட்டும். மறுநாள் முட்டி வீங்காமல் இருந்தால் நான் சொன்ன ஃபெஸ் அவருக்கு முடியும். வீங்கினால் உங்கள் தம்பியோடு உட்கார்ந்து மறுபடி பேசுங்கள். காலில் ஆறாத புண், நடந்தால் நெஞ்சு அடைப்பு, அண்மையில் விழுந்தது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அது சரியாகும்வரை பயணம் வேண்டாம்.

ரப்பர் குமிழ் போட்ட கைத்தடியும், மடக்கினால் பையில் அடங்கும் சின்ன முக்காலியும் வாங்குங்கள். சக்கர நாற்காலி அந்தச் சந்துகளில் வேலைக்கு ஆகாது. விமான நிலையங்களில் மட்டும் கேட்டு வாங்குங்கள், தயங்காதீர்கள்.

சர்க்கரை, நேரம், கால்

மொரோக்கோ நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால். இங்கே இரவு 9 மணி என்றால் அங்கே மாலை 4.30. பத்து நாள் பயணம்தானே, இன்சுலினை அங்கே தினமும் 4.30க்கே போட்டுக்கொள்ளலாம். அந்த வகை இன்சுலினுக்குச் சாப்பாட்டோடு முடிச்சில்லை. 24 மணி நேர இடைவெளிதான் கணக்கு. ஊர் திரும்பியதும் மறுபடி 9 மணி ஆகிவிடும். உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள். இன்சுலின் கைப்பையில் மட்டும்; சரக்குப் பெட்டியில் போட்டால் மேலே உறைந்துவிடும் அபாயம் உண்டு. பயன்பாட்டில் இருக்கும் பேனா 30 டிகிரிக்குக் கீழே நான்கு வாரம் தாங்கும், அக்டோபர் ஃபெஸ்ஸுக்கு ஐஸ் பெட்டி தேவையில்லை.

நான் பயப்படுவது சர்க்கரை ஏறுவதைப் பற்றி அல்ல, இறங்குவதைப் பற்றி. கிளிமிபிரைடு போட்டுக்கொண்டு, காலையில் ரொட்டியும் ஆலிவுமாகக் கொறித்துவிட்டு, நடந்துகொண்டே இருந்து, மதியச் சாப்பாடு இரண்டரைக்கு என்றால் பன்னிரண்டு மணிக்கே 'லோ சுகர்' வரும். வியர்வை, கை நடுக்கம், காரணமில்லாத எரிச்சல். அம்மா திடீரென்று உங்கள் மகனைத் திட்ட ஆரம்பித்தால் வாக்குவாதம் செய்யாதீர்கள், உடனே குளுக்கோஸ் கொடுங்கள். அது மகன் பையிலும் ஒன்று, உங்கள் பையிலும் ஒன்று இருக்கட்டும்.

கால். 14 வருடச் சர்க்கரை என்றால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். புது ஷூ இப்போதே வாங்கி இரண்டு மாதம் பழக்குங்கள். பாதை கழுவித்தான் இருக்கும், கழுதைச் சாணமும் இருக்கும், இரண்டும் வழுக்கும். ஃபெஸ் பெயர்போனது மஞ்சள் தோல் செருப்புக்கு; வாங்குங்கள், அம்மா அதை அங்கே போட்டு நடக்கக் கூடாது, குதிகால் பிடிப்பே கிடையாது. தினமும் இரவு டார்ச் அடித்து இரண்டு பாதத்தையும் விரலிடுக்கையும் நீங்கள் பாருங்கள்.

ஹமாம் என்ற நீராவிக் குளியலுக்கு அம்மாவை அழைத்துப் போவதாகத் திட்டத்தில் இருக்கிறது. அடித்துவிடுங்கள். சூட்டில் பிரஷர் இறங்கும், இன்சுலின் வேகமாக ரத்தத்தில் கலக்கும், உணர்ச்சியில்லாத பாதம் சுடுதரையில் வெந்தாலும் தெரியாது, போதாததற்குச் சோப்புத் தரை. நீங்கள் போய் வாருங்கள்.

தடுப்பூசி, வயிறு, தேநீர்

மஞ்சள் காய்ச்சல் மொரோக்கோவில் கிடையாது, ஊசி தேவையில்லை. அந்த ஊசியே 60 வயதுக்குமேல் யோசித்துப் போட வேண்டிய ஒன்று. எத்தியோப்பியா போன்ற நாடுகள் வழியாகப் பயணம் மாறினால் மட்டும் இந்தியா திரும்பும்போது சான்றிதழ் கேட்கலாம். உங்களுக்கு துபாய்தான், கவலை இல்லை. மலேரியா ஒழிந்த நாடு என்று மொரோக்கோவுக்கு உலக சுகாதார நிறுவனம் 2010இலேயே சான்று கொடுத்துவிட்டது, அந்த மாத்திரையும் வேண்டாம். போட வேண்டியவை: நால்வருக்கும் டைஃபாய்டு, உங்கள் மகனுக்கு விட்டுப்போயிருந்தால் ஹெபடைடிஸ் ஏ, அம்மாவுக்கு ஃப்ளூவும் நிமோனியாவும்.

மெதினா முழுவதும் பூனைகள். மகனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: தொடாதே, ஊட்டாதே. வெறிநாய்க்கடி நோய் அந்த நாட்டில் உண்டு, பூனை கீறினாலும் கடித்தாலும் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றே ஊசிக்குப் போக வேண்டும். அஸ்ரூ காட்டுக் குரங்குகளைப் பார்க்கப் போனாலும் இதே விதி.

சைவம் கிடைக்கும், கேட்டு வாங்க வேண்டும். ரவை போன்ற கூஸ்கூஸில் 'ஏழு காய் கூஸ்கூஸ்' பெரும்பாலும் இறைச்சிச் சாற்றில் வெந்தது; ஹரீரா சூப்பிலும் ஆட்டுக்கறி இருக்கலாம். 'ப்ளா ல்ஹம்' என்றால் இறைச்சி இல்லாமல்; அதோடு சாறும் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். நிம்மதியாகச் சாப்பிடக்கூடியவை: கத்தரிக்காய் மசித்த ஸாலூக், முட்டையோ காயோ போட்டு மண்சட்டியில் வேகவைத்த தஜின், பயறு வகைகள், காலையில் பிஸாரா. பிஸாரா என்பது ஃபாவா என்ற பெரிய அவரைப்பருப்பை மசித்து ஆலிவ் எண்ணெயும் சீரகமும் போட்ட கெட்டியான சூப். ஒரு எச்சரிக்கை: ஜி6பிடி என்ற நொதியின் பரம்பரைக் குறைபாடு உள்ளவர்கள் அந்த அவரையைத் தொடவே கூடாது, ரத்த அணுக்கள் உடையும். உங்கள் குடும்பத்தில் யாருக்காவது அது உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தேநீரை மறுக்க வேண்டியதில்லை. சின்னக் கெண்டிக்குள் புதினாவைத் திணித்து, மேலே சர்க்கரைக் கட்டியை வைத்து அழுத்துவதைப் பார்த்தால் சர்க்கரை மருத்துவனான எனக்கே மயக்கம் வந்தது. 'ப்ளா சுக்கர்' என்று தயாரிப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். தனிக் கெண்டியில் தருவார்கள், யாரும் வருத்தப்பட மாட்டார்கள். நம் சர்க்கரையும் அவர்கள் சுக்கரும் ஒரே வேர், அம்மாவுக்கு மறக்காது. குடிக்கப் பாட்டில் தண்ணீர் மட்டும்.

வயிறு கெட்டால்? இபின் பதூதாவின் வைத்தியத்தை அம்மா சொல்லக்கூடும். நம் மதுரையில் காய்ச்சலில் விழுந்து, பிழைக்க மாட்டோம் என்று நினைத்தவர், புளியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, மூன்று நாள் வயிறு போய், குணமானதாகச் சொல்லியிருக்கிறார். அவர் பிழைத்தது அவர் உடம்பு வாகு. உங்களுக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் பத்து. வாந்தியோ பேதியோ கடுமையாக இருந்தால், சரியாகும்வரை மெட்ஃபார்மினையும், எந்தப் பிரஷர் மாத்திரை என்பதைப் பொறுத்து அதையும் நிறுத்திவைக்க வேண்டிவரும்; எதையெதை என்று உங்கள் மருத்துவரிடம் இப்போதே எழுதி வாங்குங்கள். சாப்பிடவில்லையென்றால் கிளிமிபிரைடு வேண்டாம். இன்சுலினை நீங்களாக அடியோடு நிறுத்தாதீர்கள். மருந்துக் கடைகளை பச்சை நிற அடையாளத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம். இரவில் எந்தக் கடை திறந்திருக்கும் என்று கதவில் ஒட்டியிருப்பார்கள். நம் ஊர்க் கம்பெனிப் பெயர் அங்கே செல்லாது. மூலப்பெயரும் அளவும் எழுதிய சீட்டு உங்கள் கையில் இருக்க வேண்டும்.

தோல் பதனிடும் ஷுவாராவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சுண்ணாம்பும் புறா எச்சமும் கலந்த தொட்டிகளை மேலேயிருந்துதான் பார்க்க முடியும்; அதற்குத் தோல் கடைகளின் மொட்டைமாடி ஏற வேண்டும், செங்குத்தான படிகள். மூக்கில் வைத்துக்கொள்ளப் புதினாக் கொத்து தருவார்கள். கணவரும் மகனும் ஏறட்டும், பார்த்ததற்காகத் தோல் பை வாங்கியே ஆக வேண்டும் என்ற கடமை கிடையாது; சில திர்ஹம் கொடுத்துவிட்டு இறங்கலாம். அந்த நேரம் நீங்களும் அம்மாவும் சஃபாரீன் சதுக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்காருங்கள். எதிரே ஒருவர் செம்புத் தகட்டைத் திருப்பித் திருப்பி அடித்துக்கொண்டிருப்பார். தட்டு, நிறுத்தம், மறுபடி தட்டு. நான் அங்கே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், ஷுவாராவைவிட அதுதான் எனக்குப் பிடித்திருந்தது. 'இந்தச் சந்து மூடியிருக்கிறது, நான் வழி காட்டுகிறேன்' என்று வரும் இளைஞர்களைச் சிரித்து மறுத்துவிடுங்கள். வழிகாட்டி வேண்டுமென்றால் அரசு அடையாள அட்டை உள்ளவரைத் தங்குமிடம் மூலம் அமர்த்துங்கள்; அம்மாவின் முழங்கால் பற்றியும், கடைகளுக்கு அழைத்துப் போக வேண்டாம் என்றும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, பயணக் காப்பீடு. ஆன்லைன் படிவத்தில் 'ஏற்கெனவே உள்ள நோய்' என்ற இடத்தில் 'இல்லை' என்று போட்டால் பிரீமியம் குறைகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். குறையும். ஆனால் அம்மா அங்கே மருத்துவமனையில் படுத்தால், முதல் பக்கத்திலேயே சர்க்கரை 14 வருடம் என்று எழுதுவார்கள், பணம் வராது. சர்க்கரை, பிரஷர், மூட்டு மூன்றையும் சொல்லி, அவற்றால் வரும் அவசரச் சிகிச்சைக்கும் உண்டு என்று எழுத்தில் உள்ள திட்டத்தை எடுங்கள். படிவத்தை அனுப்புவதற்குமுன் அம்மாவுக்குக் கிரியாட்டினின், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி, ஒரு ஈ.சி.ஜி. மூன்றும் எடுத்துவிடுங்கள். முடிவுகளோடு மறுபடி எழுதினால், வலி மாத்திரையில் எது, எத்தனை என்று அப்போது சொல்கிறேன்.